மெலிந்த கண்ணி: பாலிமர் மென்படலத்தில் ரிலாக்ஸர் தன்மையைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காட்பாடிப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நடந்த நிகழ்வு இது. பங்குகொண்டவர்கள் நால்வர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய நெறியாளர், குடியாத்தத்தில் கைத்தறி நெசவாளர் வீட்டிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த மாணவி, முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், அளவீட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொண்ட உதவிப் பேராசிரியரான நான். நாங்கள் ஒரு தவறான கண்டுபிடிப்பை அச்சுக்கு அனுப்ப இருந்தோம். கடைசிக் கட்டத்தில் நிறுத்தினோம். இதே பொருளில் வேலை செய்யும் சிறிய ஆய்வகங்களுக்குப் பயன்படும் என்பதால் நால்வரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

ஆய்வுப் பொருள், ஃபுளோரின் கொண்ட பாலிமர்களின் மின்பண்பு. பாலிவினைலிடீன் ஃபுளோரைடு படலத்தை இழுத்து நீட்டி மின்புலத்தில் பதப்படுத்தினால் அதற்கு வலுவான அழுத்தமின் தன்மை (அழுத்தினால் மின்னூட்டம் தரும் குணம்) வருகிறது என்று ஜப்பானின் ஹெய்ஜி கவாய் 1969இல் காட்டினார். அதன் சங்கிலியில் ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்த கார்பனில் இரண்டு ஃபுளோரின். சங்கிலி நேராக நீண்டு படுத்தால் ஃபுளோரின்கள் எல்லாம் ஒரே பக்கமாக நிற்கும். ஒவ்வோர் அலகின் மின் இருமுனையும் மற்றதோடு கூடும். சங்கிலி முறுக்கிக்கொண்டால் அந்தக் கூட்டல் குலையும். இதோடு ட்ரைஃபுளோரோஎத்திலீன் அலகுகளைச் சேர்த்துக் கோபாலிமர் ஆக்கினால், இழுத்து நீட்டாமலேயே நேர்ச்சங்கிலிப் படிகம் கிடைக்கிறது. மென்படலம் செய்பவர்கள் கோபாலிமரை நாடுவதற்கு அதுவே காரணம்.

கோபாலிமர் சரியான ஃபெர்ரோமின் பொருள். மின்புலத்தை ஏற்றி இறக்கி முனைவாக்கத்தை, அதாவது இருமுனைகள் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும் அளவை, வரைந்தால் ஏறும் கோடும் இறங்கும் கோடும் விலகி அகன்ற தயக்கக் கண்ணி வரும். புலத்தை எடுத்த பிறகும் முனைவாக்கம் எஞ்சி நிற்கும். ரிலாக்ஸர் வகை அப்படியல்ல. அதன் கண்ணி மெலிந்திருக்கும், புலத்தை எடுத்தால் முனைவாக்கம் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடும். பொருளின் மின்தேக்கும் திறனைக் காட்டும் மின்காப்பு மாறிலியை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் கூர்மையான உச்சிக்குப் பதில் அகன்ற மேடு ஒன்று தெரியும், அந்த மேடு அதிர்வெண்ணுக்கு ஏற்ப இடம் மாறும். 1950களில் ஸ்மொலென்ஸ்கியின் சோவியத் குழு இத்தன்மையைப் பீங்கான் வகைப் பொருள்களில் கண்டது. பாலிமரில் அதைக் கொண்டுவந்தவர்கள் ஜாங், பாரதி, ஜாவோ ஆகிய மூவர். 1998இல் அவர்கள் கோபாலிமர் மீது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, நீண்ட நேர்ச்சங்கிலி ஒழுங்கைத் துண்டு துண்டாக்கி ரிலாக்ஸர் தன்மையைப் பெற்றார்கள். புலத்தில் அந்தப் படலத்தின் தடிமன் 4 சதவீதம் வரை மாறியது. பிறகு கதிர்வீச்சே வேண்டாமென்று, குளோரின் தாங்கிய மூன்றாவது அலகைச் சங்கிலியிலேயே கோத்து டெர்பாலிமர்கள் செய்தார்கள். மின்புலத்தை ஏற்றி இறக்கிக் குளிரூட்டும் கருவிகள், செயற்கைத் தசைகள், ஆற்றலை வேகமாகத் தேக்கி விடுவிக்கும் மின்தேக்கிகள் என்று இந்தப் பொருள்களுக்கு இன்று பல இடங்களில் எதிர்பார்ப்பு இருக்கிறது.

மாணவியின் ஆய்வுத் திட்டம் எளிமையானது. 70க்கு 30 விகிதக் கோபாலிமரில் மென்படலம் செய்து பண்புகளை அளப்பது, டெர்பாலிமர் கிடைத்தால் அதனோடு ஒப்பிடுவது.

ஏப்ரல்: முதல் படலங்கள்

கோபாலிமர் பொடியை மெத்தில் எத்தில் கீட்டோனில் 6 சதவீத எடையில் கரைத்தோம். ஐ.டி.ஓ. என்ற மின்கடத்தும் பொருள் பூசிய கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டு விட்டு, வேகமாகச் சுழற்றிப் பரப்பும் ஸ்பின் கோட்டிங் செய்து, ஹாட் பிளேட்டில் 135 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தோம். அதன்மேல் 1 சதுர மில்லிமீட்டர் அலுமினியப் புள்ளிகளை மின்முனையாகப் படியவைத்தோம். கீழ் மின்முனையைத் தொட, ஓரத்தில் பிளேடால் படலத்தைச் சுரண்டி வெள்ளிப் பசை வைத்தோம். முதல் தொகுதியின் தடிமனை வேறொரு நிறுவனத்தில் அளந்து வாங்கினோம்: 400 நானோமீட்டர்.

கண்ணியை வரைய, 1930இல் சாயரும் டவரும் ரோஷெல் உப்புக்குப் பயன்படுத்திய அதே சுற்றை நாங்களே கட்டியிருந்தோம். எங்கள் பெருக்கி 60 வோல்ட் தரும். 400 நானோமீட்டருக்கு அது 150 மெகாவோல்ட்/மீட்டர். இந்தக் கோபாலிமரின் முனைவைத் திருப்ப ஏறத்தாழ 50 மெகாவோல்ட்/மீட்டர் போதும். எங்களிடம் அதைப்போல மூன்று மடங்கு இருந்தது. அகன்ற, சதுரமான கண்ணி வந்தது. எஞ்சும் முனைவாக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 7 மைக்ரோகூலும் அளவில் இருந்தது. புத்தகத்தில் உள்ளபடியே எல்லாம் நடந்ததில் மாணவிக்கு மகிழ்ச்சிதான், என்றாலும் புதிதாக எதுவும் இல்லையே என்ற சிறு ஏமாற்றமும் இருந்தது.

மீதிக் கரைசலைப் புட்டியில் மூடி அலமாரியில் வைத்தோம். பிற்பாடு நடந்ததெல்லாம் அந்தப் புட்டியிலிருந்து தொடங்கியது.

நவம்பர்: கண்ணி மெலிந்தது

கோடை முழுவதும் மாணவி தேர்வுப் பணியிலும் பாடங்களிலும் இருந்தார். மழைக்காலத்தில் மீண்டும் ஆய்வகம் திறந்து, அதே கரைசலில் அதே சுழல் வேகத்தில் பன்னிரண்டு படலங்கள் செய்தார். கண்ணி மெலிந்து சாய்ந்திருந்தது. எஞ்சும் முனைவாக்கம் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. நான்கு துண்டுகளில் திரும்பத் திரும்ப அளந்தும் அதுவே வந்தது.

அடுத்து மின்காப்பு மாறிலி. மின்தேக்குத்திறனை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் 100 ஹெர்ட்ஸ் முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை, அறை வெப்பநிலையிலிருந்து 120 டிகிரி வரை சூடேற்றிக்கொண்டே அளந்தார். உச்சி அகன்றிருந்தது, அதிர்வெண்ணுக்கு ஏற்ப இடமும் மாறியது. மெலிந்த கண்ணி, அகன்ற உச்சி, அதிர்வெண் சார்பு: ரிலாக்ஸருக்குச் சொல்லப்படும் மூன்று அடையாளங்களும் ஒரே படலத்தில். மூன்றாவது அலகு சேர்க்கவில்லை, எலெக்ட்ரான் கற்றையும் பாய்ச்சவில்லை.

நெறியாளர் வரைபடங்களைப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, இதை நீ எத்தனை முறை அளந்தாய்?" என்று கேட்டார். "ஒன்பது முறை சார்" என்றார் மாணவி. அந்த வாரமே ஒரு தேசியக் கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினோம். தலைப்பில் "ரிலாக்ஸர்" என்ற சொல் இருந்தது.

நாங்கள் ஏன் நம்பினோம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் கண்மூடித்தனமாக நம்பவில்லை. எங்களிடம் ஒரு நியாயமான கோட்பாடு இருந்தது, ஆபத்து அதில்தான் இருந்தது.

பீங்கான் வகை ரிலாக்ஸரில் ஒழுங்கின்மை வேதியியலில் இருந்து வருகிறது. லெட் மெக்னீசியம் நியோபேட் என்ற பழைய உதாரணத்தில், ஒரே வகைப் படிக இடத்தில் இரட்டை மின்னேற்ற மெக்னீசியமும் ஐந்து மடங்கு மின்னேற்ற நியோபியமும் கலந்து உட்காருகின்றன. இடத்துக்கு இடம் உள்புலம் மாறுகிறது. முனைவாக்கம் பெரிய பரப்பாக ஒன்றுபட முடியாமல் சில நானோமீட்டர் தீவுகளாக நின்றுவிடுகிறது. பாலிமரில் காரணம் வேறு என்று 2020இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று வாதிட்டது. அவர்கள் கூற்றின்படி, பாலிமரின் ரிலாக்ஸர் தன்மை சங்கிலியின் வடிவ ஒழுங்கின்மையில் பிறக்கிறது. ட்ரைஃபுளோரோஎத்திலீன் அலகில் ஒரு கார்பனைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் அமைவதால், வலது கை, இடது கை போல இரண்டு அமைப்புகள் சாத்தியம். அந்தக் கைத்தன்மை சங்கிலியைத் திருகுசுருளாக வளைக்கிறது. சுருளின் திருகுக் கோணங்கள் இடத்துக்கு இடம் பிசகுவதால் ஒழுங்கு குலைந்து ரிலாக்ஸர் தன்மை வருகிறது.

மாணவி இதைத் தன் வீட்டுத் தறியை வைத்து எங்களுக்கு விளக்கினார். பாவு இழைகள் எல்லாம் நேராக இழுபட்டு நிற்கும்போதுதான் ஊடை ஓடும். ஒன்றிரண்டு இழைகள் முறுக்கேறிச் சுருண்டால் அந்த இடத்தில் மட்டும் துணி சுருங்கும். அக்கம்பக்கத்து இழைகளும் தளர்ந்துபோகும். சங்கிலிப் படிகத்தில் முறுக்கு விழுந்த இடமும் அப்படித்தான் என்றார். நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை.

ஆகவே, மூன்றாவது அலகு இல்லாமலே முறுக்கு வரலாம் என்பது எங்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்தது. மெலிந்த கண்ணியைப் பார்த்ததும் அதற்குள் பொருத்தினோம். எங்கள் கோபாலிமரில் வினைலிடீன் ஃபுளோரைடு 70 சதவீதம். இந்த விகிதத்தில் நேர்ச்சங்கிலி வடிவமே உறுதியானது என்பது நாங்கள் பாடம் நடத்தும் செய்தி. அதை அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நான் உட்பட.

அளவீடுகளைக் குறிக்கும் ஆய்வகக் கையேட்டிலேயே ஒரு முரண் எழுதிக் கிடந்தது. 400 நானோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டதில் அறை வெப்பநிலை மின்காப்பு மாறிலி 4.4 என்று வந்தது. ஏப்ரல் படலங்களில் அது 12. ரிலாக்ஸராக மாறியிருந்தால் மாறிலி ஏற வேண்டும், டெர்பாலிமர்களில் 50க்கு அருகில் இருக்கும். எங்களுக்கோ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. "ஒழுங்கின்மையால் குறைந்திருக்கலாம்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

ஒரு கேள்வி

டிசம்பர் முதல் வாரத்தில் துறையில் கட்டுரை வாசிப்பு வைத்தோம். 1998 கட்டுரையை முதுநிலை மாணவன் விளக்கினான். அதன் வரைபடத்தையும் எங்கள் வரைபடத்தையும் அடுத்தடுத்துத் திரையில் போட்டிருந்தோம். முடிக்கும்போது அவன் மாணவியைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, இவர்களுக்கு அதிர்வெண் கூடக்கூட உச்சி வலப்பக்கம் போகிறது. நமக்கு இடப்பக்கம் வருகிறதே?"

அறையில் யாரும் பேசவில்லை. அவன் சொன்னது சரி. எங்கள் படத்தில் 100 ஹெர்ட்ஸில் உச்சி 110 டிகிரியை ஒட்டி, 1 கிலோஹெர்ட்ஸில் 106, 200 கிலோஹெர்ட்ஸில் 93. அதிர்வெண் ஏற ஏற உச்சி குறைந்த வெப்பநிலைக்கு இறங்கியது.

ரிலாக்ஸரில் இது நடக்க முடியாது. நானோ தீவுகள் புலத்தின் ஆட்டத்தோடு சேர்ந்து திரும்ப நேரம் பிடிக்கும். குளிரக் குளிர அந்த நேரம் நீளும். வேகமான ஆட்டத்தை அவை சீக்கிரமே, அதாவது அதிக வெப்பநிலையிலேயே, தவறவிடத் தொடங்கும். எனவே அதிர்வெண் கூடினால் உச்சி அதிக வெப்பநிலைக்குத்தான் போக வேண்டும். "அதிர்வெண் சார்பு இருக்கிறது" என்பதோடு நாங்கள் நின்றுவிட்டோம், திசையைப் பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே நால்வரும் உட்கார்ந்தோம். மாணவியின் உதவித்தொகை ஜூனில் முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரையாவது வெளியாக வேண்டும் என்ற அழுத்தம் அவருக்கு இருந்தது. சுருக்கத்தை உடனே திரும்பப் பெறலாம் என்றார் நெறியாளர். நான் இரண்டு வாரம் கேட்டேன். திசை தவறு என்பதால் ரிலாக்ஸர் இல்லை என்று ஆகலாம், ஆனால் கண்ணி ஏன் மெலிந்தது என்று தெரியாமல் திரும்பப் பெற்றால் அடுத்த முறையும் இதே குழியில் விழுவோம். கருத்தரங்குத் தொகுப்பு அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் விடை வந்தாலும் வராவிட்டாலும் திரும்பப் பெறுவது என்று உடன்பட்டோம்.

முதலில் எதைச் சோதிப்பது? வெளியே அனுப்ப வேண்டிய சோதனைகளுக்கு முன்பாக, கையில் இருப்பதைக் கொண்டே செய்யக்கூடியவற்றை எடுத்தோம். ஒவ்வோர் அடையாளத்துக்கும் "ரிலாக்ஸர் இல்லாமலே இது வருமா?" என்று கேட்டோம்.

கண்ணிக்கு: புலம் போதாவிட்டால் எந்த ஃபெர்ரோமின் பொருளும் மெலிந்த கண்ணிதான் தரும். எனவே தடிமன் மேல் சந்தேகம். பெரிய பெருக்கியை இரவல் வாங்கி அதிக வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் படலம் வெடித்தால் குழப்பம் கூடும். மாணவி வேறொரு வழி சொன்னார். அதே பழைய கரைசலைக் கரைப்பானால் நீர்க்கச் செய்து மெல்லிய படலம் இடுவது. பொடியும் கரைசலும் அதே. மாறுவது தடிமன் மட்டும். கண்ணி அகன்றுவிட்டால் கதை முடிந்தது. அதையே செய்தோம்.

உச்சிக்கு: சூடேற்றும்போது மட்டும் அளந்திருந்தோம். தானாகக் குளிர ஐந்தாறு மணி நேரம் ஆகும், மாலையில் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் குளிரும்போது அளக்கும் வழக்கமே எங்களிடம் இல்லை. இம்முறை முதல்வரிடம் எழுதிக் கொடுத்து இரவு அனுமதி வாங்கினோம்.

சோதனைகளில் தெரிந்தது

புட்டியில் இருந்த கரைசலில் ஒரு மில்லிலிட்டரை எடைபோட்டு உலர்த்தி மீண்டும் எடைபோட்டோம். 6 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 10. மெத்தில் எத்தில் கீட்டோன் 80 டிகிரியில் கொதிக்கும் திரவம்; வேலூரின் அக்னி நட்சத்திர வெயிலில், மின்விசிறி கூட ஓடாத பூட்டிய அறையில், சரியாகத் திருகாத மூடி வழியாக அது மாதக்கணக்கில் ஆவியாகியிருக்கிறது. கரைசல் கெட்டியானதால் படலமும் தடித்தது. தடிமன் 1.1 மைக்ரோமீட்டர் என்று வந்தது.

எல்லாக் கணக்கும் அதோடு நேரானது. 60 வோல்ட்டை 1.1 மைக்ரோமீட்டரால் வகுத்தால் 55 மெகாவோல்ட்/மீட்டர். முனைவைத் திருப்பும் வாசலில் கால் வைத்த அளவு, உள்ளே போகவில்லை. மின்காப்பு மாறிலியைச் சரியான தடிமனில் கணக்கிட்டதும் 4.4 மீண்டும் 12 ஆனது. நீர்த்த கரைசலில் செய்த 400 நானோமீட்டர் படலம் ஏப்ரலில் வந்த அதே சதுரக் கண்ணியைத் தந்தது.

உச்சியின் நகர்வுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பருமனான படலத்தைப் பிளேடு முழுவதும் சுரண்டவில்லை. வெள்ளிப் பசை பாதி பாலிமரின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் இரண்டு தொடுபுள்ளிகளுக்கு இடையே தடையை அளந்தால் 8 கிலோஓம் காட்டியது, ஏப்ரல் துண்டுகளில் சில நூறு ஓம்தான். புள்ளி ஒன்றுக்கு 4 கிலோஓம் மின்தேக்கியோடு தொடராக நின்றால் என்ன ஆகும்? குறைந்த அதிர்வெண்ணில் ஒன்றும் தெரியாது. 200 கிலோஹெர்ட்ஸில், சூடேறி மின்தேக்குத்திறன் இரண்டு மடங்காகும்போதே தொடர்தடை மீட்டரின் வாசிப்பை வெட்டத் தொடங்கும். உண்மையான உச்சிக்கு முன்பே வாசிப்பு இறங்குவதால் உச்சி இடப்பக்கம் வந்ததுபோலத் தோன்றும். மறுமுனையில், 100 ஹெர்ட்ஸில், அதிக வெப்பநிலையில் அயனிகளின் மின்கசிவு வாசிப்பைத் தூக்கி உச்சியை வலப்பக்கம் தள்ளும். இரண்டு பிழைகளும் சேர்ந்து அழகான, தொடர்ச்சியான, முற்றிலும் தவறான திசையில் போகும் நகர்வைத் தந்தன. சரியாகச் சுரண்டி வைத்த துண்டில் 1 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை உச்சி ஒரே இடத்தில் நின்றது.

குளிரும் அளவீடு எந்தச் சந்தேகமும் இல்லாமல் முடித்துவைத்தது. சூடேறும்போது 106இல் வந்த உச்சி, குளிரும்போது 70 டிகிரியை ஒட்டித்தான் வந்தது. ஏறும் வழியும் இறங்கும் வழியும் இவ்வளவு விலகினால் அது முதல்வகை நிலைமாற்றம்; இந்த விகிதக் கோபாலிமருக்கே உரிய, சாதாரண ஃபெர்ரோமின் குணம். ரிலாக்ஸரில் அந்த விலகல் மிகச் சிறியது அல்லது இல்லவே இல்லை.

சுருக்கம் திரும்பப் பெறப்பட்டது

கடிதத்தை நெறியாளரே எழுதினார். பொதுவாக இத்தகைய கடிதங்களில் "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று ஒரு வரி இருக்கும். அவர் அப்படி எழுதவில்லை. தடிமனை அளக்காமல் முடிவுக்கு வந்தோம், மின்முனைத் தொடுபுள்ளி சரியில்லை, அதனால் கூற்று தவறு என்று மூன்று வரிகளில் எழுதிக் கையெழுத்திட்டார். மாணவி அன்று அழுதார். நெறியாளர் அவரை உட்காரவைத்து, "இந்தக் கடிதம் உன் ஆய்வேட்டில் பின்னிணைப்பாக வரட்டும் அம்மா, மறைக்க வேண்டாம்" என்றார். அப்படியே வந்தது. இத்தனை ஆண்டுப் பணியில் நான் பார்த்த நேர்மையான செயல்களில் அதை முதலில் வைப்பேன்.

உண்மையான ரிலாக்ஸர்

பிப்ரவரியில், பெங்களூருவில் இருக்கும் ஒரு நண்பரின் ஆய்வகத்திலிருந்து குளோரோஃபுளோரோஎத்திலீன் சேர்ந்த டெர்பாலிமர் இரண்டு கிராம் கிடைத்தது. காட்பாடி சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருந்து மாணவியே வாங்கி வந்தார். இம்முறை புதிய கரைசல், ஒவ்வொரு துண்டுக்கும் தடிமன் அளவீடு, ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் தடை அளவீடு. உருகுநிலை குறைவான பொருள் என்பதால் 115 டிகிரியில் பதப்படுத்தினோம்.

இங்கே வேறுபாடு ஐயமில்லாமல் தெரிந்தது. 150 மெகாவோல்ட்/மீட்டர் கொடுத்தும் கண்ணி மெலிந்தே இருந்தது. உச்சப் புலத்தில் முனைவாக்கம் நன்றாக ஏறி, புலத்தை எடுத்ததும் இறங்கிவிட்டது. மின்காப்பு மாறிலியின் மேடு 1 கிலோஹெர்ட்ஸில் அறை வெப்பநிலைக்குச் சற்று மேலே வந்தது. அதிர்வெண் கூடக்கூட வலப்பக்கம் நகர்ந்தது. சூடேற்றினாலும் குளிர்வித்தாலும் மேடு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. இன்னொன்றையும் கவனித்தோம். மேடு அறை வெப்பநிலையிலேயே இருப்பதால், காலையில் அளந்த மாறிலியும் மதியம் அளந்த மாறிலியும் வேறுபட்டன. குளிர்சாதனம் இல்லாத அறையில் இந்தப் பொருளை அளப்பவர்கள் ஒவ்வொரு வாசிப்போடும் வெப்பநிலையைக் குறிக்காவிட்டால் எண்களுக்குப் பொருளே இல்லை.

காரணத்தைத் தேடச் சென்னைக்கு இரண்டு முறை போனோம். செப்பு எக்ஸ் கதிரில் கோபாலிமரின் முதன்மை முகடு 20 பாகையை ஒட்டி விழுந்தது. டெர்பாலிமரில் 18 பாகைக்குச் சற்று மேலே. சங்கிலித் தளங்களுக்கு இடையிலான தொலைவு 0.44 நானோமீட்டரிலிருந்து 0.48 நானோமீட்டர் அளவுக்கு விரிந்திருக்கிறது என்று பொருள். ஃபுளோரினைவிடப் பருமனான குளோரின் அணு படிகத்துக்குள்ளேயே இடம்பிடித்து அக்கம்பக்கத்துச் சங்கிலிகளை விலக்கிவைக்கிறது. அகச்சிவப்பு நிறமாலையில், நீண்ட நேர்ச்சங்கிலித் தொடரின் அடையாளமான 1288 அலையெண் பட்டை மங்கியது. முறுக்கு விழுந்த வடிவங்களுக்கு உரிய 510, 614 பட்டைகள் எழுந்தன. மின் அளவீடு, எக்ஸ் கதிர், அகச்சிவப்பு ஆகிய மூன்றும் வேறு வேறு வழியாக வந்து ஒரே செய்தியைச் சொல்கின்றன: நேர்ச்சங்கிலி ஒழுங்கு சிறு துண்டுகளாக உடைந்திருக்கிறது, இடம் விரிந்திருப்பதால் அத்துண்டுகள் புலத்தில் எளிதாகத் திரும்பி, புலம் போனதும் எளிதாகக் கலைகின்றன.

உடைப்பவன் குளோரினின் பருமனா, அந்த அலகின் கைத்தன்மையா, இரண்டும் சேர்ந்தா? எங்கள் தரவு இதைத் தீர்க்காது. ரிலாக்ஸரின் உச்சி அதிர்வெண்ணோடு எப்படி நகரும் என்று சொல்லும் வோகல்-ஃபுல்ச்சர் சமன்பாட்டில் எங்கள் உச்சிகளைப் பொருத்தினோம், நன்றாகவே பொருந்தியது. ஆனால் மூன்று பத்தடுக்குக்கு (ஆயிரம் மடங்குக்கு) மேற்பட்ட அதிர்வெண் நெடுக்கத்தில் மூன்று மாறிலிகளைப் பொருத்துவது எளிது. அந்தப் பொருத்தத்தை ஆதாரமாக முன்வைக்க வேண்டாம் என்று மாணவியே சொல்லி, அதை ஒரு துணைப்படமாக மட்டும் வைத்தார்.

கட்டுரை உதவித்தொகை முடிவதற்குள் வெளியாகவில்லை. எட்டு மாதம் தாமதமாக, தலைப்பில் "ரிலாக்ஸர்" என்ற சொல்லோடு, டெர்பாலிமரைப் பற்றி வெளியானது. இடைப்பட்ட மாதங்களில் அவர் வாலாஜாபேட்டையில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தினார். ஆய்வேடு ஏற்கப்பட்டது.

பிறகு மாற்றியவை

கரைசலை இப்போது வாரக்கணக்கில் வைப்பதில்லை; வேண்டிய அளவு மட்டும் கரைத்து, மிச்சத்தை எடைபோட்டுக் குறித்து அகற்றுகிறோம். தடிமன் அளக்காத படலத்துக்குக் கையேட்டில் புலம் என்ற பத்தியை நிரப்பக் கூடாது, வோல்ட் மட்டும் எழுத வேண்டும். இந்த ஒரு விதி அன்று இருந்திருந்தால் நவம்பரிலேயே நின்றிருப்போம். ஏற்றத்திலும் இறக்கத்திலும் அளப்பதற்காக மாதம் நான்கு இரவுகளுக்கு நிலையான அனுமதி வாங்கியிருக்கிறோம்.

இன்னும் மாற்ற விரும்புவது ஒன்று உண்டு. எதிர்பார்ப்புக்கு ஒத்துவராத எண்ணுக்கு ஓரத்தில் விளக்கம் எழுதும் பழக்கம். 4.4க்குப் பக்கத்தில் நான் எழுதிய வரியை அடித்துவிடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். புதிதாக வரும் மாணவர்களுக்குக் கையேடு எழுதக் கற்றுத்தரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன். அக்காவிடம் கேள்வி கேட்ட அந்த மாணவன் இப்போது அதே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறான். வினைலிடீன் ஃபுளோரைடு விகிதத்தை 50 சதவீதத்துக்கும் கீழே இறக்கி, ட்ரைஃபுளோரோஎத்திலீன் கூடிய கோபாலிமரில் மூன்றாவது அலகு இல்லாமலே முறுக்கு வருகிறதா என்று பார்க்கப்போகிறான். முதல் தொகுதிப் படலங்கள் சென்ற வாரம் தயாராயின. தடிமன் அளவீட்டுக்காகக் காத்திருக்கின்றன.